லாஸ்னா நட்டம்தானே!

உத்தமபாளையம்
ஆடி மாசம், காத்து ஓயாத ஒரு மத்தியானம்

அடியே ஊசிவெடி,

கவர்ல என் கையெழுத்தைப் பாத்ததும் நெஞ்சு பதறியிருக்கும். பதறாதே, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். அத்தைக்கு முழங்கால் வலி, உங்க அண்ணனுக்கு முன்கோபம், எனக்கு ரெண்டு கிலோ எடை கூடியிருக்கு. புதுசா ஒண்ணும் இல்ல. அஞ்சு நாளா வீட்டுல நெட் இல்லாம கிடந்தோம், அந்தக் கதையைத்தான் எழுதப்போறேன். போன்ல சொன்னா என்னன்னு கேப்ப. இது போன்ல சொல்லக்கூடாத கதை. ஏன்னு போகப்போகத் தெரியும்.

முதல்ல ரெண்டரை ரூபாய்க்கு இன்லேண்டு லெட்டர்தான் வாங்கினேன். நாலு வரி எழுதினதுமே தெரிஞ்சுபோச்சு, இது அதுக்குள்ள அடங்காதுன்னு. அப்புறம் அஞ்சு ரூபா கவர். ரகசியமாச்சே, ரிஜிஸ்தர் தபால்ல போடலாம்னு கேட்டா, கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணு என்னை ஏற இறங்கப் பாக்குது. 2025லயே அதை ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்களாம். தந்தி 2013லயே போச்சு. நீயும் நானும் வரிசையில நின்ன கவுன்ட்டர் எல்லாம் ஒண்ணொண்ணா மூடிக்கிட்டே வருது புள்ள.

சரி, கதைக்கு வர்றேன்.

நம்ம ஊர் ஆடிக் காத்தை நீ மறந்திருக்க மாட்ட. கோயம்புத்தூர் போனதுல இருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காத்துன்னு பீத்திக்கிறியே, நமக்கும் ஒரு கணவாய் இருக்குடி, கம்பம் கணவாய். மலைக்கு அங்கிட்டு இடுக்கியில மழையைக் கொட்டித் தீத்துட்டு, இங்கிட்டு வெறும் வேகத்தை மட்டும் அனுப்பி வைக்கும். அப்பிபட்டி, ஓடைப்பட்டிப் பக்கம் காத்தாடி எல்லாம் சாமி வந்த மாதிரி ஆடுது. அதுல கரண்டு எடுக்கிறாங்கன்னு சந்தோசப்படலாம். அதே காத்துதான் எங்க தெருக் கம்பியை அத்துப் போட்டுச்சு.

புதன்கிழமை சாயங்காலம். எதிர்வீட்டு டீச்சரம்மா தென்னையில இருந்து ஒரு மட்டை, காஞ்சதுகூட இல்ல, பச்சை மட்டை, ஈபி போஸ்ட்டுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல விழுந்துச்சு. கரண்டு போச்சு, ரெண்டு மணி நேரத்துல வந்துருச்சு. ஈபிக்காரங்களை யார் என்ன திட்டினாலும் ஆடி மாசத்துல அவங்க பாடு பெரும்பாடு. ஃபேன் சுத்துது, ஃப்ரிட்ஜ் உறுமுது. நெட் டப்பாவுல மட்டும் ஒரு சின்ன சிவப்பு லைட்டு, அதுக்குக் கீழ எல் ஓ எஸ்னு மூணு எழுத்து. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கிட்டப் போய் எழுத்துக் கூட்டினாங்க. அந்தக் காலத்து எட்டாங்கிளாஸ்ல.

"லாஸ்னு போட்டிருக்கு. லாஸ்னா நட்டம்தானே? மாசாமாசம் நாம கட்டுற காசு நட்டம்னு அவனே எழுதி ஒட்டியிருக்கான் பாரு."

"அப்பத்தா, அது நட்டம் இல்ல, வெளிச்சம் வந்து சேரலைன்னு அர்த்தம்"னு மகன் விளக்கினான். அவன் சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே தெரியும், நம்ம வீட்டுக்குள்ள வர்றது கரண்டு இல்ல, வெளிச்சமாம். அந்த வயருக்குள்ள இருக்கிறது தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான கண்ணாடி நூல். அதுக்கும் நடுவுல வெளிச்சம் ஓடுற பாதை ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூடக் கிடையாது. அதுக்குள்ளதான் உன் வாட்ஸ்அப் குட்மார்னிங் ரோசாப்பூவும் வருது, அத்தையோட சீரியலும் வருது. தெருமுனை டப்பாவுல ஒரு நூல் வந்து பல வீட்டுக்குப் பிரியுதாம். அதனாலதான் ஒரு மட்டை விழுந்ததுக்கு மொத்தத் தெருவும் இருண்டுச்சு.

எனக்கு முதல் ராத்திரி நிம்மதியாத்தான் இருந்துச்சு, மறைக்கிறதுக்கு என்ன? மறுநாள்தான் வினை ஆரம்பிச்சது.

மகன் சென்னைக் கம்பெனி வேலையை வீட்டுல இருந்தே பாக்குறான்னு தெரியுமே உனக்கு. 2020 மார்ச்சுல ஊரடங்குன்னு பெட்டியோட வந்தவன், அப்படியே தங்கிட்டான். அவன் அறைக்குள்ள செல்போன் சிக்னல் ஒரு கோடு. ஹால்ல ரெண்டு கோடு. மொட்டைமாடித் தண்ணி டேங்க் பக்கத்துல போனா நாலு கோடு. வீடு கட்டும்போது வாஸ்து பாத்தோம், சிக்னல் பாக்கலையே. லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு டேங்க் நிழல்ல உக்காந்தான். காத்து விசிறுது. அந்தப் பக்கத்துல இருந்து அவன் மேனேஜர் கேக்குறார், "கப்பல்ல இருக்கீங்களா?"ன்னு. தலைக்குத் துண்டைக் கட்டிக்கிட்டு, லேப்டாப் பறக்காம இருக்க ஒரு பக்கம் செங்கல், ஒரு பக்கம் என் இட்லிப் பானை மூடி. ஏழெட்டு வருசம் முந்தி இவனைத் தோட்டத்துக்கு வாடான்னா வெயில் ஆகாதும்பான்.

உங்க அண்ணன் புகார் சொல்றதுக்குப் போன் போட்டார். கம்பெனி பேரெல்லாம் எதுக்கு, எல்லாம் ஒரே பாட்டுத்தான். பாட்டு முடிஞ்சு ஒரு பொம்பளைக் குரல், புகாரை எங்க ஆப்ல பதிவு பண்ணுங்கன்னு சொல்லுது. "நெட்டு இல்லைன்னுதானம்மா கூப்பிடுறோம்"னு இவர் அந்த ரெக்கார்டு குரலோட பத்து நிமிசம் மல்லுக்கட்டினார். அப்புறம் வழக்கம் போலப் பென்னிகுயிக் துரையை இழுத்தார். "1895ல மலையைக் குடைஞ்சு தண்ணியைக் கிழக்க திருப்பி விட்டாரு, இன்னைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளையுது. இவனுக ஒரு கண்ணாடி நூலை ஒட்ட முடியாமத் திண்டாடுறானுக!" தண்ணிக்குக் கஸ்டமர் கேர் இல்லாமத்தான் விவசாயி கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடக்கிறான்னு சொல்ல வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். நம்ம சனம் அவர் படத்தைச் சாமி படத்தோட மாட்டி வச்சிருக்கு, நான் எதுக்குக் குறுக்க போகணும்?

உள்ளதைச் சொன்னா, நெட்டுக்கு வேலை செய்ற பையன் மேல எனக்குக் கோபம் வரல. அவனோட அப்பா அந்தக் காலத்துல தெருவுக்குத் தெரு கேபிள் டிவி வயர் இழுத்தவர். மொட்டைமாடியில பெரிய குடை ஆன்டெனா வச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா? இப்ப மகன் அதே தெருவுல, அதே போஸ்ட்டுல, கண்ணாடி நூல் இழுக்கிறான். பெரிய கம்பெனி பேரு பில்லுல இருக்கும், ஏணியைத் தூக்குறது இவன்தான். ஒட்டுற மெஷினைக் காத்துல வச்சா நெருப்புப் பொறி சரியா நிக்காதாம், ஒரு துளி தூசி பட்டாலும் ஒட்டு கெட்டுரும். ஆடிக் காத்துல போஸ்ட்டு மேல உக்காந்து கண்ணாடி ஒட்டுறது எப்படி? அறுந்த வயரைக் கீழ இழுத்துட்டு வந்து டீக்கடைக்குள்ள பெஞ்சு மேல மெஷினை வச்சு, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, ஊரே வேடிக்கை பாக்க ஒட்டினான். ஆனா அது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதுக்கு முன்னால இங்க ஒரு பெரிய கூத்து நடந்து முடிஞ்சது.

எதிர்வீட்டு டீச்சரம்மா மகளை உனக்குத் தெரியும், நம்ம பிள்ளைங்க கல்யாணத்துல கோலம் போட்டுச்சே, அந்தப் புள்ளதான். அதுக்கு அமெரிக்காவுல டல்லாஸ்ல ஒரு மாப்பிள்ளை. வீடியோ கால்ல பாத்துப் பேசுறதுன்னு முடிவாகி, வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணின்னு நேரம் குறிச்சாச்சு. நமக்குக் காலை ஏழரைன்னா அங்க வியாழக்கிழமை ராத்திரி ஒம்பது. ராகு காலம் பத்தரைக்குத்தான், அதெல்லாம் பாத்தாச்சு. ஆனா ஆடி மாசத்துல பொண்ணு பாக்கலாமான்னு நீ கேக்குறது இங்க கேக்குது. அத்தை நேராவே கேட்டுட்டாங்க. டீச்சரம்மா அசரல. "பொண்ணு பாக்குறது இல்லம்மா, சும்மா பேசிப் பாக்குறது. அவங்க ஊர்ல ஏது ஆடி?" "அவங்க ஊர்ல இல்ல, ஒங்க தென்னை மரத்துக்கு ஆடி தெரிஞ்சிருக்கு, மட்டையை எறிஞ்சிருச்சு"ன்னாங்க அத்தை. அதுக்கு டீச்சரம்மாகிட்ட பதில் இல்ல.

அவங்க வீட்டுல எந்த மூலையிலயும் சிக்னல் நிக்கல. தெருவுல நாலு கோடு உள்ள ஒரே இடம் எங்க தண்ணி டேங்க். வியாழக்கிழமை ராத்திரி வந்து கேட்டாங்க, மாட்டேன்னு சொல்ல முடியுமா? மாடிக்குப் போற வழி எங்க ஹால். ஆளுக வர்றாங்களேன்னு விடியுமுன்ன எந்திரிச்சு நான் ஹாலை ஒதுங்க வச்சேன். பீரோவை ஒரு சாண் நகத்தினேன், டிவி மேசையைத் தள்ளினேன், ஒட்டடை அடிச்சேன். ஆடி வெள்ளி வேற. (இந்தப் பீரோவை ஞாபகத்துல வச்சுக்கோ.)

ஏழேகாலுக்கு ஊர்வலம் மாதிரி ஏறினாங்க. பொண்ணு கிளிப்பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. முதல் நிமிசத்துலயே காத்து பூவைப் பாதி கொண்டுபோயிருச்சு. முந்தானை டேங்க் குழாயில சுத்திக்கிருச்சு. நானும் டீச்சரம்மாவும் ரெண்டு பக்கம் பெட்ஷீட்டைத் திரை மாதிரி விரிச்சுப் பிடிச்சிருக்கோம், என் மகன் போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கான். மாப்பிள்ளை முகம் வருது, உறையுது, வாயைப் பொளந்தபடி நிக்குது. அவர் என்ன கேட்டாருன்னே யாருக்கும் கேக்கல. பெட்ஷீட்டு என் கையை விட்டு நழுவி டீச்சரம்மா தலையில முக்காடா விழுந்துச்சு பாரு, அந்தப் புள்ளை அடக்கமாட்டாமச் சிரிச்சிருச்சு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் போட்டு. முடிஞ்சது கதைன்னு டீச்சரம்மா கண்ணுல தண்ணி. அந்தப் பக்கமும் படம் நகந்து, மாப்பிள்ளையோட அம்மா சிரிக்கிறாங்க. ரெண்டு வீட்டுலயும் பொண்ணு பாக்குற வேளையில இப்படி சிரிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. ஆவணியில நேர்ல வர்றாங்களாம். ஆனா இது இன்னும் வெளியில சொல்லல. நீ உங்க அக்காகிட்ட சொல்லிறாதே, உங்க அக்காகிட்ட சொன்னா தேனி பஸ் ஸ்டாண்டு மைக்குல சொன்ன மாதிரி.

அதுக்கு முந்தின ராத்திரியும் ஒண்ணு சொல்லணும். வியாழக்கிழமை ராச்சாப்பாட்டை எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம். இது எங்க வீட்டுல நடக்குற காரியம் இல்ல. தட்டுக்கு முன்னால போன் இல்லாம மகன் கை தவிச்சது, கொஞ்ச நேரத்துல பேச ஆரம்பிச்சுட்டான். என்னென்ன தெரிஞ்சு வச்சிருக்கான்! 2011ல ஜார்ஜியா தேசத்துல ஒரு எழுபத்தஞ்சு வயசுப் பாட்டி செம்புக் கம்பி தேடி மண்ணைத் தோண்டுச்சாம். மண்வெட்டி கேபிள்ல பட்டு, பக்கத்து நாடு ஆர்மீனியாவுல கிட்டத்தட்ட எல்லாருக்கும் மணிக்கணக்கா நெட்டு இல்லாமப் போச்சாம். அப்புறம் கேட்டா, இன்டர்நெட்டுன்னா என்னன்னே தெரியாதுன்னுருச்சாம் பாட்டி. அத்தைக்கு அந்தப் பாட்டியை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. காசியில குரங்கு கண்ணாடி வயரைக் கடிச்சுத் தின்னுருதாம். 2008 ஜனவரியில எகிப்துல அலெக்சாண்டிரியா பக்கம் கடலுக்கடியில கேபிள் அறுந்து, நம்ம நாட்டு நெட்டே நொண்டிச்சாம். உலகம் பூரா ஒரு தேசத்துல இருந்து இன்னொரு தேசத்துக்குப் பேச்சு போறதெல்லாம் பெரும்பாலும் கடலுக்கடியில கிடக்கிற வயர் வழியாத்தான், ஆகாசம் வழியா இல்லையாம். நான் இத்தனை நாளும் எல்லாம் சாட்டிலைட்டுன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"ரெண்டு நாளுக்கு இம்புட்டுக் கூத்தா?"ன்னு உங்க அண்ணன் ஆரம்பிச்சார். "நம்ம ரயிலு? 2010 கடைசியில மீட்டர் கேஜை நிறுத்தினான். தேனிக்கு மறுபடி ரயிலு வந்தது 2022 மே மாசம். போடிக்கு வந்தது 2023 ஜூன். எந்தக் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டோம்?" நானே நொந்துபோயிட்டேன். மதுரை ஆஸ்பத்திரிக்கு அத்தையை பஸ்ல கூட்டிக்கிட்டுப் போய்க் கூட்டிக்கிட்டு வந்த அந்தப் பதினோரு வருசம் நினைவுக்கு வந்துச்சு. ஆண்டிபட்டிக் கணவாய்ல ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் மோந்துக்கிட்டு வருவாங்க.

அப்புறம் பேச்சு அரிக்கொம்பனுக்குப் போச்சு. 2023 மே 27, நம்ம கம்பத்துக்குள்ள யானை வந்த நாள். அன்னைக்கு நெட்டு இருந்ததாலதான் பயமே. எங்க பாத்தாலும் வீடியோ. யானை கம்பத்துல ஒரு தெருவுல நிக்குது, வாட்ஸ்அப்ல ஒரே நேரத்துல ஒம்பது ஊர்ல நிக்குது. எங்க கொல்லையில நிக்குதுன்னுகூட ஒரு செய்தி எனக்கே வந்துச்சு. நான் கொல்லையிலதான் நின்னுக்கிட்டிருந்தேன். கழுத்துல ரேடியோ காலர் மாட்டியிருந்தாங்க, அடர்ந்த காட்டுக்குள்ள போனா அதுக்கும் சிக்னல் கட்டாயிருமாம். ஜூன் 5 அன்னைக்குப் பிடிச்சுக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனாங்க. "அதுக்கும் சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்கும்"னாங்க அத்தை.

தூக்கம் வரலைன்னு உங்க அண்ணன் பரண்ல ஏறி டேப் ரெக்கார்டரை இறக்கினார். கேசட்டு நாடா சிக்கி, பென்சில் விட்டுச் சுத்தி, ஒரு வழியா ராஜா பாட்டு. பாதியில குரல் தண்ணிக்குள்ள முங்குற மாதிரி இழுத்தாலும் கேட்டோம். அப்பத்தான் தோணுச்சு: அந்த மனுசன் பொறந்த பண்ணைப்புரம் எங்க வீட்டுல இருந்து பஸ் ஏறினா வந்துரும். அவர் பாட்டைக் கேக்க இத்தனை வருசமா மும்பையிலயோ சென்னையிலயோ எங்கயோ ஒரு கிடங்குல இருந்து வரவழைச்சுக்கிட்டு இருந்திருக்கோம். வழியில ஒரு தென்னை மட்டை விழுந்தா அவ்வளவுதான், பண்ணைப்புரத்துப் பாட்டு உத்தமபாளையத்துக்கு வராது.

சனிக்கிழமை போடி நாத்தனார் வந்தாங்க. நெட்டு இல்லாத வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு. அவங்க வீட்டுக்காரர் ஏலக்காய் வியாபாரம்ல, எங்க பேச்சை எடுத்தாலும் அது ஏலத்துலதான் முடியும். முன்னெல்லாம் ஏலக்காய் ஏலம்னா வாய்விட்டுக் கூவுறதுதான். 2007 வாக்குல ஸ்பைசஸ் போர்டு அதைக் கம்ப்யூட்டருக்கு மாத்துச்சு. போடியிலயும் கேரளாவுல புத்தடியிலயும் நடக்குது. வியாபாரிக சாம்பிள் காயை உருட்டிப் பாத்து, மோந்து பாத்து, திரைக்கு முன்னால உக்காந்துருவாங்க. சத்தமே இல்லாம விலை ஏறும். "ஏலக்காய் ஏலத்துல ஏலம் கூவுறதுக்கே ஆளில்ல மதினி"ன்னாங்க. அவங்களுக்குக் கவலை அது இல்ல. கம்பமெட்டு, போடிமெட்டு வழியா விடியக்காலம் ஜீப்பு ஜீப்பா தோட்ட வேலைக்கு ஏறுற பொம்பளைங்களுக்குக் கூலியை இப்ப போன்லயே போட்டுவிடுறாங்களாம். சிக்னல் இல்லாத நாள்ல கூலி வந்துச்சா வரலையான்னே தெரியாம மலையை விட்டு இறங்குறாங்கன்னு சொன்னாங்க. சொல்லிட்டு, "அதுசரி, இங்க டீவி ஓடாதா?"ன்னு கேட்டாங்க பாரு, அப்பத்தான் எனக்கு அவங்க வந்த காரணம் விளங்குச்சு. போடியில அன்னைக்குக் கரண்டு கட்டு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். அறைக் கதவைச் சாத்திட்டுப் படி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில ஒட்டி முடிச்சதும் தெரு முழுக்க நெட்டு வந்துருச்சு. டீச்சரம்மா வீட்டுல வந்துச்சு, மளிகைக்கடை மாடியில வந்துச்சு. எங்க வீட்டுல மட்டும் அந்தச் சிவப்பு லைட்டு அப்படியே முழிச்சுக்கிட்டு நிக்குது. மகன் டப்பாவை அணைச்சுப் போட்டான், தட்டினான், ஊதினான். ஒண்ணும் நடக்கல. வந்துச்சு பாரு அவனுக்குக் கோபம்! உங்க அண்ணனுக்குத் தப்பாமப் பொறந்தவன்தான்னு அன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சிருக்கும். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் டேங்க் பக்கத்துல உக்காந்து புகாரா எழுதித் தள்ளினான். டிராய்னு டெல்லியில இருக்கிற ஆணையம் 2024ல புது விதி போட்டிருக்காம், அக்டோபர்ல இருந்து நடப்புல இருக்கு. வீட்டு லைனுல பழுது மூணு நாளைக்குள்ள சரியாகலைன்னா வாடகையில கழிச்சுக் குடுக்கணுமாம். "மூணு நாள் தாண்டிருச்சும்மா, விடமாட்டேன், ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு வாங்காம விடமாட்டேன்!" நானும் "விடாதடா"ன்னு காபி போட்டுக் குடுத்து ஏத்திவிட்டேன்.

திங்கக்கிழமை அந்தப் பையன் வந்தான். பாவம், கண்ணெல்லாம் சிவந்துகிடக்கு, ஊர் பூரா மட்டை விழுந்துகிடக்குல்ல. சின்னதா ஒரு மீட்டரை வயர்ல சொருகிப் பாத்தான். "வாசல் வரைக்கும் லைட்டு நல்லாத்தான்க்கா வருது. உள்ளதான் எங்கயோ போகுது." மகன் மாடியில மீட்டிங்ல இருந்தான். பையன் சட்டைப் பையில இருந்து பேனா மாதிரி ஒண்ணை எடுத்தான். அதுல இருந்து சிவப்பு வெளிச்சம் வயருக்குள்ள போகும், வயர் எங்க ஒடிஞ்சிருக்கோ மடங்கியிருக்கோ அங்க வெளிச்சம் கசிஞ்சு வெளிய தெரியுமாம். ஜன்னலைச் சாத்தி, லைட்டை அணைக்கச் சொன்னான். அணைச்சேன்.

பீரோவுக்குப் பின்னால, சுவரோரமா, குங்குமப் பொட்டு மாதிரி செக்கச்செவேல்னு எரியுது.

வெள்ளிக்கிழமை விடியக்காலம் நான் தள்ளின பீரோடி! காலு மஞ்சள் வயரு மேல ஏறி, அதை அப்பளம் மாதிரி நசுக்கி வச்சிருக்கு. தள்ளும்போது ஏற்கெனவே சிவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, அதனால யாருக்குத் தெரியும்? சிவந்து கிடந்த லைட்டு இன்னும் சிவக்கவா போகுது? தெருவுல அத்தது தென்னை மட்டை. வீட்டுக்குள்ள அத்தது நான். புதன் சாயங்காலத்துல இருந்து வெள்ளி சாயங்காலம் வரைக்கும் காத்தோட கணக்கு. அதுக்கப்புறம் திங்கக்கிழமை வரைக்கும் என் கணக்கு. அதுக்கும் சேத்துத்தான் என் மகன் டெல்லி வரைக்கும் காசு கேட்டு எழுதிக்கிட்டிருக்கான்.

அந்த இருட்டுல நானும் அந்தப் பையனும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். "தம்பி..."ன்னேன். அதுக்கு மேல வார்த்தை வரல. அவன் சிரிக்காம, "வயரு பழசுக்கா, மாத்திடுறேன்"னான். பத்து நிமிசத்துல புது வயரு, பச்சை லைட்டு. மகன் இறங்கி வந்து என்ன பிரச்சினைன்னு கேட்டதுக்கு, "லைன்ல லாஸ் சார்"னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிட்டான். வாசல்ல வச்சு ஒரு கிலோ பன்னீர் திராட்சையும், ஒரு கட்டு முருங்கைக்காயும், மடிச்ச நோட்டு ஒண்ணும் குடுத்தேன். நோட்டை மட்டும் திருப்பிக் குடுத்துட்டான். அவங்க அப்பாவும் அப்படித்தான், மாசக் காசுக்கு மேல ஒரு பைசா வாங்க மாட்டார்.

மகன் அனுப்பின புகாரை எப்படி வாபஸ் வாங்க வைக்கிறதுன்னுதான் இப்ப எனக்குக் கவலை. "போனாப் போகுதுடா, ஏழை பாழை வேலை பாக்குறாங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். "நீங்கதானம்மா விடாதேன்னீங்க?"ங்கிறான். கழிச்சுக் குடுக்கிற காசு அந்தப் பையன் கமிஷன்ல பிடிச்சிருவாங்களோன்னு ராத்திரி நினைச்சா நெஞ்சு உறுத்துது. அப்படி எதுவும் பிடிச்சாங்கன்னு தெரிஞ்சா நானே கொண்டுபோய்க் குடுத்துருவேன், அது வேற.

இதுல இன்னொரு தலைவலி. அன்னைக்கு நான் ஹால்ல லைட்டை அணைச்சேன்னு சொன்னேன்ல? ஊஞ்சல்ல அத்தை இருந்தாங்க. கண்ணை மூடியிருந்தாங்க, தூங்குறாங்கன்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி சீரியல் முடிஞ்சதும் மெதுவா என்னைக் கூப்பிட்டு, "இனிமே தினம் முழங்காலுக்குத் தைலம் தேச்சுவிடுறியாத்தா? பீரோ தள்ளுற கைக்கு நல்ல வலு இருக்கு"ன்னாங்க. நாலு நாளாத் தேச்சுக்கிட்டிருக்கேன். நேத்து, மதுரைக்கு மருமக கூட ரயில்ல போய் மீனாட்சியைப் பாக்கணும்னு ஒரு ஆசையைச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு என்ன கேப்பாங்களோ.

உன் மருமகளுக்கு வத்தல் போட்டு வச்சிருக்கேன், இந்தக் காத்துக்கு ரெண்டே நாள்ல காஞ்சிருச்சு, பாதியைத் தெருவுல பொறுக்கினேன். யாராவது கோயம்புத்தூர் பஸ் ஏறினா குடுத்துவிடுறேன். பதிலை லெட்டராவே போடு, போன்ல வாயைத் திறந்துறாதே. என் போன் ஸ்பீக்கர் தானாவே ஆன் ஆயிருது, மகன் நாளைக்குச் சரி பண்றேன் நாளைக்குச் சரி பண்றேன்னு ஒரு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கான். கவர் மேல என் பேரை மட்டும் எழுது, 'மேற்படியார் மட்டும் பிரிக்கவும்'னு எழுதித் தொலைக்காதே, அதைப் பாத்தா அத்தைதான் முதல்ல பிரிப்பாங்க.

தைலம் தேய்க்கக் கூப்பிடுறாங்க, வர்றேன்.

உன்
தட்டாங்காய்